விஸ்காம் வகுப்பும் ரேடியோ நெல்லும்

விஸ்காம் என்றால் எங்கள் ஊரில் சினிமா. சான்றிதழில் காட்சித் தொடர்பியல் என்று அச்சடித்துக் கொடுத்தாலும் சரி, இதழியல், ஊடகவியல் என்று வேறு பெயரில் படித்தாலும் சரி, 'எப்போ படம் எடுக்கப் போற?' என்ற கேள்வி தப்பாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதற்காகத்தான் சேர்ந்திருந்தார்கள். மீதிப் பேர் டிவியில் மைக் பிடிக்க வந்தவர்கள். தொடர்பியல் என்று ஒரு துறை இருக்கிறது, அதற்காக ஆயுளைச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து வந்தவர் ஒருவரும் கிடையாது. நானும்தான்.

கேமரா கொடுப்பார்கள் என்று ஆசையாகப் போனால் முதல் செமஸ்டரில் பென்சிலைக் கொடுத்தார்கள். பானை, வாழைப்பழம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் கை என்று வரைந்து ரெக்கார்டு நோட்டை நிரப்ப வேண்டும். கேமரா இரண்டாம் வருடம்தான். 2000களின் நடுப்பகுதி அது. வெளியே டிஜிட்டல் வந்துவிட்டது, டிபார்ட்மென்ட் பீரோவில் மட்டும் நிக்கான் எஃப்எம்10. ரோலுக்கு 36 படம், கருப்பு வெள்ளை, கழுவுவதும் பிரின்ட் போடுவதும் நாமே. சிவப்பு விளக்கில் வெற்றுத் தாளில் முகம் மெல்லத் தோன்றுவதைப் பற்றி உருகி எழுதாத விஸ்காம்காரன் இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். எனக்கு நினைவிருப்பது படத்தைத் தாளில் நிலைக்கவைக்கும் ஃபிக்சர் ரசாயனத்தின் நாற்றம். வீடியோவுக்கு மினிடிவி (MiniDV) கேசட். ஒரு மணி நேரம் எடுத்தால் கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே ஒரு மணி நேரம் ஆகும். எடிட் சூட்டுக்கு ராத்திரி முறை போட்டுக் காத்திருப்போம்.

இதெல்லாம் இன்று ஒரு போனுக்குள் அடங்கிவிட்டது. நான் பேச வந்தது எல்லாரும் வெறுத்த தியரி பேப்பரைப் பற்றி.

தியரி பேப்பர் என்றால் கட்டம், அம்புக்குறி, இன்னொரு கட்டம். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், நடுவில் இரைச்சல். படம் போட்டால் பத்துக்கு ஏழு நிச்சயம் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் படத்தின் மூலவர் கிளாட் ஷானன், பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1948-இல் எழுதிய கட்டுரையில் அவருக்கிருந்த கவலையெல்லாம், கம்பியில் போகிற சமிக்ஞை இரைச்சலில் கெட்டுப்போகாமல் மறுமுனைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான். பேச்சின் பொருள் என்ன என்பது தன் கணக்கில் வராது என்று முதல் பக்கத்திலேயே சொல்லியும் விட்டார். அப்புறம் வந்தவர்கள் அந்தக் கம்பிப் படத்தை எடுத்து மனிதர்கள் பேசிக்கொள்வதற்கே படம் என்று மாட்டிவிட்டார்கள். அதே 1948-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்வெல் கேட்ட ஐந்து கேள்விகளும் எங்களுக்கு மனப்பாடம்: யார், என்ன சொல்கிறார், எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு. கேள்விகள் நல்ல கேள்விகள்தான். ஆனால் நாங்கள் வரைந்த படங்களில் அந்த 'யாருக்கு' எப்போதும் கடைசிக் கட்டமாக வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கட்டத்துக்குக் கடன் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன் கிடையாது, சாதி கிடையாது.

அந்தக் கட்டத்துக்குள் ஆள் இருக்கிறார் என்று முதலில் காட்டியது ரேடியோ பிராக்டிகல். கேம்பஸ் ரேடியோ அப்போது புதுப் பேச்சு. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் தரும் விதிகள் வந்தன. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4-இல் தொடங்கியது. நாட்டின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி அது. எங்களுக்கு டவரும் இல்லை, உரிமமும் இல்லை. முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை, ஒரு மைக், கரகரக்கும் ஓர் ஒலி மிக்சர். எங்கும் ஒலிபரப்பாகாத வானொலிக்கு வாராவாரம் நிகழ்ச்சி செய்தோம்.

சொல்லிக்கொடுத்தவர் வானொலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாணவர்களை 'ஐயா', 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் உள்ளே வாசிக்க, அவர் கண்ணாடிக்கு வெளியே எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். இழை அறுந்த இடத்தில் கையைத் தூக்குவார், நிறுத்திவிட வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் நேற்று நடைபெற்ற குறைதீர்க்கும் கூட்டத்தில் பல்வேறு பகுதிகளிலிருந்து வந்திருந்த விவசாயிகள் அளித்த மனுக்களின் மீது, என்று நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கை எழுந்தது.

"யாரு என்ன பண்ணாங்கன்னு இன்னும் வரலையேய்யா. அடுப்புல உலை கொதிக்குது. நான் போயிட்டேன்."

"வாக்கியம் முடியப்போகுது சார்."

"அது உங்களுக்குத் தெரியும். தாளு உங்க கையில இருக்கு. எனக்கு?"

நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். அச்சில் கண் முன்னே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும். காதால் அது முடியாது. வினை வரும்வரை எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டியது கேட்பவர்தான். அதனால் முதலில் ஆட்சியர் கூட்டம் நடத்தினார் என்று முடி, அப்புறம் விவசாயிகள் மனு கொடுத்தார்கள் என்று முடி, அப்புறம் அவர் என்ன சொன்னார் என்று சொல். 4,87,650 என்று எழுதாதே, ஏறக்குறைய ஐந்து லட்சம் என்று சொல். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுது, ஒரு வாக்கியத்தை அடுத்த தாளுக்குக் கொண்டுபோகாதே, ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிவிட்டு உள்ளே போ. 'ப' வரும் இடத்தில் மைக் வெடிக்கும், வாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொள். இவ்வளவுதான் அவருடைய பாடம். புத்தகத்தில் இதில் ஒரு வரிகூட இருக்காது. இன்றைக்கும் எதை எழுதினாலும் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரின் கை எப்போது எழும் என்று பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தியரி சாரும் சும்மா இல்லை. 1940-இல் அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ஒஹாயோவின் ஈரி கவுன்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு செய்த ஆய்வை நடத்திவிட்டு, எங்களைக் காலையில் டீக்கடைக்கு அனுப்பினார். பத்திரிகையும் ரேடியோவும் ஓட்டை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கப் போன ஆய்வு அது. கடைசியில் ஜனங்கள் தங்களுக்குப் பழகிய, கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆள் சொல்வதற்கே அதிகம் காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. இதைச் சொல்ல ஒஹாயோ வரை போக வேண்டுமா என்று தோன்றும். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி வளர்ந்ததே டீக்கடைப் பெஞ்சில்தானே. நான் உட்கார்ந்த கடையில் பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் சத்தமாக வாசித்தார். பிடிக்காத கட்சியின் செய்தியைத் தாவினார், பக்கத்து ஊர் விபத்தை இரண்டு தரம் வாசித்தார், இடையில் தன் கருத்தையும் செய்தி மாதிரியே சேர்த்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாராம். ஆசிரியர் எழுதிய செய்தி வேறு, அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்த செய்தி வேறு.

இனி நெல்லுக்கு வருகிறேன்.

வளர்ச்சித் தொடர்பியல் என்று ஒரு யூனிட். அதில் சைட் திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக இடம்: 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டிய சோதனை. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. அதற்குக் கீழே, தஞ்சைப் பகுதியில் வானொலி வழியே பரவிய ஒரு நெல் ரகத்தை மக்கள் ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள் என்று ஒற்றை வரி. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஆடுதுறைக்குச் சைக்கிளில் போய்விடலாம். அந்த நெல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ 27, குறுவைப் பருவத்துக்கு ஏற்ற குறுகிய கால ரகம். 1966 வாக்கில் அகில இந்திய வானொலி பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. திருச்சி நிலையம் அந்த ரகத்தைப் பற்றி விடாமல் பேசியது. எங்கள் வகுப்பு நோட்டில் ஒரு வரியாகக் கிடந்தது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சங்கதி. செமஸ்டர் கட்டுரைக்கு அதை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தியரி சார் சரி என்று சொல்லிவிட்டு, போகும் முன் அயோவாவைப் படித்துவிட்டுப் போ என்றார்.

அமெரிக்காவில் அயோவா மாநிலம் என்றால் மக்காச்சோளம். 1943-இல் ரயன், கிராஸ் என்ற இருவர் அங்கே வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று விவசாயிகளிடம் கேட்டு எழுதினார்கள். விதை வந்திருக்கும் செய்தியை முதலில் கொண்டுவந்தது பெரும்பாலும் கம்பெனி விற்பனையாள். நம்பிப் போடவைத்தது பக்கத்துப் பண்ணைக்காரன். இதிலிருந்து, புதியவை ஜனங்களிடம் எப்படிப் பரவுகின்றன என்று பெரிய கோட்பாடே கட்டிய எவரெட் ராஜர்ஸ் அதே அயோவாவின் விவசாயி மகன். அவருடைய அப்பா அந்தப் புது விதை வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். 1936 வறட்சியில் பக்கத்துப் பண்ணையில் புது ரகம் நிமிர்ந்து நிற்க, இவர்கள் வயலில் பயிர் வாடிப்போனது. அதற்குப் பிறகுதான் மனம் மாறினார். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. தாத்தாவிடமிருந்து இதே பதிலை வாங்கிவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் ஊருக்குப் போனேன்.

"தாத்தா, ஏடிடீ இருபத்தேழு போட்டீங்களே, ரேடியோ கேட்டா போட்டீங்க?"

"ரேடியோ பஞ்சாயத்து போர்டுல பாடும். வெவசாயம் வரும், அப்புறம் நியூஸ் வரும். நியூஸுக்காக உக்காந்திருப்போம். காதுல விழுந்தது."

"அப்ப பக்கத்து வயல்ல வெளைஞ்சதைப் பார்த்துப் போட்டீங்களா?"

"அவன் எனக்கு மறு வருஷம்தானே போட்டான்."

"பின்ன எதுக்குத்தான் போட்டீங்க?"

"சொசைட்டில இந்த வெதைன்னா உரம் கடனாத் தரேன்னாங்க. எங்க அப்பாரு கையில அப்ப காசு இல்ல. வேற என்ன?"

கோட்பாட்டின் எந்தக் கட்டத்திலும் கூட்டுறவு சொசைட்டி இல்லை. திரும்பி வந்து நூலகத்தில் தேடியபோதுதான் அது ஏன் அங்கே இருந்தது என்று புரிந்தது. 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு, அதாவது பேக்கேஜ் திட்டத்துக்கு, முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே பொட்டலமாக. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை அதற்குத் துணை. சுவாரசியம் என்னவென்றால், டெல்லியில் 1965-இல் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கப் பரிந்துரைத்த நிபுணர் குழுவும் ஃபோர்டு ஏற்பாட்டில் வந்ததுதான். தொடர்பியல் துறையின் தந்தைமாரில் ஒருவரான வில்பர் ஷ்ராம் அந்தக் குழுவில் இருந்தார். எங்கள் வயலுக்கு வந்த விதைக்கும் எங்கள் வகுப்புக்கு வந்த பாடத்துக்கும் பின்னால் ஒரே புரவலர். இதில் சதி ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தின் போக்கு அப்படி. ஆனாலும் ரேடியோவின் வெற்றிக் கதையை மட்டும் எடுத்துப் பாடமாக்கி, பொட்டலத்தில் இருந்த கடனை விட்டுவிட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊடகத் துறைக்கு ஊடகம்தான் கதாநாயகனாக இருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் ரேடியோ நெல் என்று பேர் வந்தது, சொசைட்டி நெல் என்று வரவில்லை? தாத்தாவிடமே போனில் கேட்டேன். "கடன் வாங்கி வெதைச்சேன்னு ஊர்ல சொல்லிக்க முடியுமா?" என்றார்.

கட்டுரையை இந்த இடத்தில் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நட்டவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை, தோன்றவும் இல்லை. அடுத்த லீவில் ஊரின் தெற்கே இருக்கும் தெருவுக்குப் போனேன். எங்கள் வயலில் அந்த நாளில் நடவு நட்ட ஒரு பாட்டி வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். நான் 'பாட்டி' என்று கூப்பிட்டது அவருக்குப் புதுசாக இருந்தது. எங்கள் வீட்டில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட. ரேடியோவில் நெல்லைப் பற்றிச் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன்.

"ரேடியோ போர்டு ஆபீஸ்ல இருந்துச்சு தம்பி. அங்க நாங்க எங்க உக்காருறது?"

முறம் நிற்கவில்லை. காற்றடித்தால் பாட்டுச் சத்தம் மட்டும் தெருவரைக்கும் வரும் என்றார். நெல்லைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். "நெருக்கி நடச் சொன்னாங்க. இடுப்பு விட்டுப்போச்சு. கூலி அதேதான்." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, கூலி கேட்ட வருடங்களைப் பற்றிப் பேசினார். கீழத் தஞ்சையில் விளைச்சல் கூடிக்கொண்டிருந்த அதே வருடங்கள்தான் அவை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் நிலக்கிழார்களின் ஆட்களால் எரிக்கப்பட்டார்கள். பாட்டி அந்த ஊர்ப் பேரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், நான் யார் வீட்டுப் பேரன் என்று அவருக்குத் தெரியும்.

கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். நல்ல மார்க்தான். அந்தத் திருத்தத்தை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை.

படிப்பு முடிந்தபின் செய்தி சேனல் ஒன்றில் டெஸ்க் வேலை. திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் எழுதுவது, பிரேக்கிங் போடுவது, ஏஜென்சி செய்தியைத் தமிழாக்குவது. பகல் ராத்திரி ஷிப்ட். அங்கே தியரி பேசினால் சிரிப்பார்கள். ஆனால் எந்தச் செய்தியை எத்தனை மணி நேரம் ஓடவிடுவது என்று தினமும் சண்டை நடக்கும். 1968-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மெக்கூம்ஸும் ஷாவும் ஆராய்ந்தது இதைத்தான். ஜனங்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்பதைவிட, எதைப் பற்றி யோசிப்பார்கள் என்பதில்தான் செய்தி ஊடகத்தின் கை ஓங்குகிறது என்றார்கள். பேர் தெரியாமலே அந்த வேலையைச் செய்கிறவர்கள் நடுவில், பேர் தெரிந்து செய்வது கொஞ்சம் சங்கடம். கூடப் படித்தவர்களில் ஒருவன் கல்யாண வீடியோவில் நன்றாகச் சம்பாதிக்கிறான், ஒருத்தி விளம்பர நிறுவனத்தில், ஒருவன் இன்னும் உதவி இயக்குநர், சிலர் வங்கியில். நான் சேனலை விட்டுவிட்டு இப்போது விளம்பரத்துக்கும் அரசு சாராத அமைப்புகளுக்கும் எழுதிப் பிழைக்கிறேன். அவ்வப்போது கல்லூரிகளில் கெஸ்ட் லெக்சர்.

அப்படிப் போன இடத்தில் ஒரு மாணவி புராஜெக்டோடு வந்தாள். யூடியூப் பார்த்துப் பாரம்பரிய நெல் ரகங்களுக்கு மாறிய விவசாயிகளைப் பற்றி ஆய்வு. கேள்வித்தாளைக் காட்டினாள். முதல் கேள்வி: விவசாயம் தொடர்பாக எந்தெந்தச் சேனல்கள் பார்க்கிறீர்கள்? நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன். விதை யாரிடம் வாங்கினீர்கள், பணம் எங்கிருந்து வந்தது, விளைந்ததை யாருக்கு விற்றீர்கள், வயலில் வேலை செய்தது யார், அவர்களிடம் போன் இருக்கிறதா, இதையெல்லாம் முன்னால் போடு என்றேன். யூடியூபை நீ சொல்லிக்கொடுக்கக் கூடாது, அவர்களாகச் சொல்கிறார்களா என்று பார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சார், அப்படிக் கேட்டா யூடியூப்பே வராமப் போயிடுமே?"

"வராட்டி அதுதான் ரிசல்ட்."

"தலைப்பே யூடியூப்னுதான் சார் அப்ரூவல் வாங்கியிருக்கேன். வைவா அடுத்த மாசம்."

அவள் சொல்வதும் நியாயம்தான். கடைசியில், சேனல் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்வது, கூலி ஆட்களுக்கெனத் தனியாக ஒரு தாள் சேர்ப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். அந்தத் தனித் தாளுக்கு அவளுடைய கைடு ஒப்புக்கொண்டாரா என்று இன்னும் பதில் வரவில்லை.